மாசக்கட்டு வெறகு எங்க போச்சு

இல்ல சார், நான் மறுக்கல. போன கார்த்திகையில, மாசா மாசம் துட்டு கட்டுன அட்டைக்காரங்களுக்குக் காஞ்ச வெறகு கிடைக்கல, அது உண்மை. ஆனா "வெளியாளுக்கு மழை வெலைக்கு வித்துவிட்டார்கள்"ன்னு நம்ம தெரு நலச்சங்க மலர்ல நாலாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க பாருங்க, அது பச்சைப் பொய். "கணக்கு எழுதிய கல்லூரி மாணவிக்கும் இதில் பங்கு உண்டோ"ன்னு வேற கேட்டிருக்கீங்க. அந்த மாணவி நான்தான். எனக்குப் பேரு உண்டு, செண்பகம். சங்கத்துச் செயலாளருக்கு என் பேரு தெரியாதா? எங்க வீட்டுக் கல்யாணத்துல ரெண்டாம் பந்தியில உக்காந்து என் கையால சாம்பார் வாங்கிச் சாப்பிட்டவருதான நீங்க?

வெறகு யாவாரத்துல பொய் ரொம்ப நேரம் நிக்காது. ஈரமா காஞ்சதான்னு அடுப்பே ஊருக்குச் சொல்லிரும். அதனால நானும் நடந்ததை நடந்தபடி சொல்லுதேன். கொக்கிரகுளத்துக்கிட்ட தங்கையா அண்ணாச்சி வெறகுக்கடையில காலேஜு விட்டு வந்து ரெண்டரை வருஷம் கணக்கு எழுதினவ நான். இப்பம் யுனிவர்சிட்டி ஹாஸ்டல்ல இருக்கேன், கேஸுல வெந்த சோறு திங்கேன். பொக வாசம் இல்லாத சோறு எனக்கு இன்னும் சோறாத் தெரியல. அந்தக் கடையை நினைச்சா கோவமும் வருது, கண்ணுல தண்ணியும் வருது. கண்ணுல தண்ணி வந்தா அது பொகையினாலன்னு சொல்லிப் பழகிட்டேன்.

இந்த மலரைப் படிக்க மக்களே, நீங்களும் என்னைய மாதிரி ஊதுகுழல் பிடிச்சு, இருமி, ஈர வெறகைத் திட்டிக்கிட்டே சோறு பொங்குனவியதான். செயலாளருக்குப் புரியலேன்னாலும் உங்களுக்குப் புரியும்.

தண்ணி கிலோ என்ன வெல?

காலேஜுல மொத வருஷம், ஐப்பசி மாசம். வெறகு வாங்கிட்டு வான்னு அம்மா அனுப்புனா. தராசுல இருவது கிலோ நிறுத்துப் போட்டாவ. தூக்கிப் பாத்தா சொட்டுச் சொட்டா வடியுது. மழை பெஞ்சதும் வெலையையும் ஏத்தியாச்சு, நனைஞ்ச வெறகுல எடையும் ஏறிப்போச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "அண்ணாச்சி, இதுல அஞ்சு கிலோ தண்ணி. தாமிரவரணியில சும்மா ஓடுற தண்ணிய உங்ககிட்ட கிலோ கணக்குல வாங்கணுமா"ன்னு கேட்டேன். பின்னால வரிசையில நின்னவிய எல்லாம் சிரிச்சுட்டாவ.

அண்ணாச்சி கோவப்படல. நான் என்ன படிக்கேன்னு கேட்டாரு. கணக்குன்னேன். அவருக்கும் அதுதான் வருத்தமாம். சித்திரையில நாங்குநேரி பக்கத்துச் சீமை உடை, அதான் சீமைக் கருவேலம், எலும்பு மாதிரி காஞ்சு, வெலையும் பாதிக்குப் பாதியா வருது. ஆனா அப்பம் மொத்தமா வாங்கிப் போட அவருகிட்ட முதல் இல்ல. மழை வந்ததும் சனங்க வாங்குது. ஆனா அந்த வெலை குடுக்க அதுகளுக்கு முடியல. கல்லாவுல கெடந்த பழைய பேப்பர் ஓரத்துல நான் பென்சிலால போட்டுக் காமிச்சேன். ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு என்ன வேணுமோ அதைக் கோடை வெலையில பன்னெண்டா வகுத்து, மாசா மாசம் ஒரே மாதிரி வாங்குங்க. அந்தத் துட்டுல காஞ்ச வெறகா வாங்கி அடுக்குங்க. மழையில சனங்க கூடுதலா எடுக்கட்டும், ஆனா கூடுதலாக் குடுக்க வேண்டாம். அண்ணாச்சி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பொறவு கல்லாவுக்குப் பக்கத்துல இருந்த ஸ்டூல்ல சாக்கைத் தட்டிப் போட்டாரு. "ஏட்டி, இவ்வளவு வாயை வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் நிக்காத. உள்ள வந்து உக்காந்து பேசு."

எரியுத வரைக்கும்

அடுத்த சித்திரையில போர்டு ஏறுச்சு. "மாசக்கட்டு"ன்னு செவப்பு எழுத்து. பேரு வச்சது அண்ணாச்சி. மாசா மாசம் கட்டுங்கன்னு அவரு நினைச்சு வச்சாரு. தெருவு என்னமா வாசிச்சுச்சு? மாசத்துக்கு ஒரு கட்டு வெறகுன்னு வாசிச்சுச்சு. ரெண்டும் ஒரே எழுத்துதான, யாரைக் குத்தம் சொல்ல? கணக்கு என்னன்னா, மாசா மாசம் ஒன்றரைக் கட்டுக்கான துட்டு கட்டணும். ஒம்பது மாசம் ஒவ்வொரு கட்டு எடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசமும் மூணு மூணு கட்டு. ஆக மொத்தம் பதினெட்டு. கட்டுனதையும் எடுத்ததையும் எழுத வீட்டுக்கு ஒரு அட்டை. இதை நான் இருவத்திரெண்டு வீட்டுக்கும் இருவத்திரெண்டு விதமாச் சொன்னேன்.

மேலப்பாளையத்துல பீடி சுத்துத பாத்துமுத்து லாத்தா மொத மாசமே சண்டைக்கு வந்துட்டாவ. ஒன்றரைக் கட்டுக்குத் துட்டு வாங்கிக்கிட்டு ஒரு கட்டுதான் தாறியே, என் அரைக் கட்டு எங்கன்னாவ. பின்னால தகரச் செட்டுல அடுக்கியிருக்கு லாத்தான்னேன். காமின்னாவ. காமிச்சேன். இதுல எது என்னோடதுன்னாவ. எல்லாம் ஒண்ணுதான்னேன். லாத்தா என் கையில இருந்த சாக்பீஸைப் பிடுங்கி, அவியளே குனிஞ்சு, நாலு கட்டையில ஒரு கோடும் ரெண்டு புள்ளியும் போட்டாவ. அதுக்கப்புறம் மாசா மாசம் அட்டையில எழுதுன கையோட செட்டுக்குள்ள போயி அந்தக் கட்டைகளைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவாவ, ஆசுபத்திரியில சொந்தக்காரரைப் பாக்கப் போற மாதிரி.

இது காதுல விழுந்து எல்லா அட்டைக்காரங்களும் சாக்பீஸு கேட்டாவ. ஆடி மாசத்துக்குள்ள செட்டு பூரா கோடு, புள்ளி, இனிஷியலு, நாமம், நட்சத்திரம். ஒரு நாளு அண்ணாச்சி கவனிக்காம லாத்தாவோட கட்டையை இன்னொரு வீட்டுக்குப் போட்டுட்டாரு. அதே உடை, அதே காய்ச்சல், பத்துக் கிராம் கூடக் கொறையாது. ஆனா சாயங்காலம் பூரா சண்டை. அடுப்புல வச்சா எல்லாம் ஒண்ணுதான லாத்தான்னு நான் நியாயம் பேசப் போனேன். லாத்தா முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாவ. "எரிஞ்சா ஒண்ணுதாம் புள்ள. எரியுத வரைக்கும் அது என்னோடது."

சிலிண்டருக்குச் சட்டை

ஆவணியில கோமதி டீச்சர் வந்து அட்டையைத் திருப்பிக் குடுத்தாவ. எழுதிப் போட்டு ஆறு வருஷமாக் காத்திருந்த கேஸு கனெக்‌ஷன் வந்துட்டாம். இனி வெறகு வேண்டாமாம். சொல்லும்போதே அவிய மொகத்துல அப்படி ஒரு வெளிச்சம். அஞ்சு மாசம் ஏழரைக் கட்டுக்குக் கட்டியிருந்தாவ, அஞ்சு எடுத்திருந்தாவ. பாக்கி ரெண்டரைக் கட்டையும் தட்டு வண்டியில ஏத்தி விட்டேன். கடையில இருந்த எல்லாருக்கும் பொறாமை. எனக்குந்தான்.

மூணாவது வாரம் டீச்சர் பையத் திரும்பி வந்து, அட்டை இருக்கான்னு அக்கம் பக்கம் பாத்துட்டுக் கேட்டாவ. வீட்டுக்கு வந்து எழுதிக்கோன்னும் சொன்னாவ, கடையில வச்சு எழுத வெக்கம். போனேன். அடுக்களையில மேடை மேல அடுப்பு சந்தனம் குங்குமத்தோட பளபளன்னு நிக்குது. சிலிண்டருக்குப் பூப்போட்ட துணியில சட்டை தச்சு, கழுத்துல நாடா கட்டி விட்டிருக்காவ. சோறு எங்கன வேகுதுன்னு பாத்தா கொல்லையில, மூணு கல்லு வச்சு, நம்ம கடை உடை வெறகுல. அடுத்த சிலிண்டரு எப்ப வரும்னு தெரியாதாம். தீந்துருமோன்னு பயத்துல பத்த வைக்கவே கை வரலயாம். டீச்சர் கொரலைத் தாழ்த்திச் சொன்னாவ. "விருந்தாளி வந்தா காப்பி போட அது இருக்கட்டும். நம்ம வயித்துக்கு இதுதான், நீ அட்டையை எழுது."

எரிபொருள் துறை

எங்க அம்மாவுக்கு நான் வெறகுக்கடையில உக்காருதது பிடிக்கல. பி.எஸ்ஸி கணக்கு படிக்க புள்ள, கையில கரி, தலையில சிராய், தாவணியில ரெண்டு எடத்துல கிழிசல். எவனாவது பொண்ணு கேட்டு வருவானாங்கது அவ கவலை. வரக் கூடாதுங்கது என் ஆசை.

ஆனாலும் ஒரு நாளு பாளையங்கோட்டையில இருந்து ஒரு குடும்பம் வந்துட்டு. பொண்ணு படிச்சுக்கிட்டே எங்கயோ வேலைக்கும் போறாளாமேன்னு அந்தம்மா கேட்டாவ. எங்க அம்மா கண்ணு இமைக்காம, எரிபொருள் துறையில கணக்குப் பிரிவுல இருக்கான்னு சொல்லிட்டா. அவிய அரசாங்க உத்தியோகம்னு நினைச்சு ரெண்டாவது தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டாவ. போனதுக்கப்புறம் நான் ஆடுன ஆட்டத்துக்கு அம்மா தட்டைக் கழுவிக்கிட்டே பதில் சொன்னா. "நான் என்னத்தப் பொய் சொன்னேன்? வெறகு எரியத்தான செய்யுது?"

பெறைக் கணக்கு

மொத மழைக்காலம் வந்துச்சு. மக்களே, அதை நான் எப்படிச் சொல்ல? வெளிய வெறகு வெலை ஏறிக் கெடக்கு. நம்ம அட்டைக்காரங்க ஒரு பைசா கூடுதலாக் குடுக்காம மூணு மூணு கட்டு, அதுவும் தட்டுனா டணால்னு சத்தம் கேக்குத வெறகு, தூக்கிட்டுப் போறாவ. ஆறு மாசம் என்னையத் திட்டுன அதே வாயால முறுக்கு கொண்டாந்து குடுத்தாவ. ஸ்டூல்ல கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தேன் நான்.

அதுவும் பாத்துமுத்து லாத்தா வர்ற வரைக்குந்தான். ஐப்பசியில அவியளுக்கு ஒரு கட்டு போதுமாம், மிச்ச ரெண்டை அப்படியே வச்சிருந்து தை மாசம் தரணுமாம். முடியாதுன்னேன், ஐப்பசி, கார்த்திகை, மார்கழின்னு அட்டையிலயே அச்சடிச்சிருக்கு பாருங்கன்னேன். நோம்பு தையிலதான வருது, வீட்டுல கஞ்சி காய்ச்சணும், விடியுமுன்ன சகர் சோறு பொங்கணும், எனக்கு அப்பந்தான வெறகு வேணும்னாவ. அடுத்த வருஷம் நோம்பு இன்னும் பத்து நாளு முன்னால வருமாம். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அட்டைக்காரங்கள்ல பாதிப் பேரு மேலப்பாளையம். வருஷம்னா பன்னெண்டு தமிழ் மாசம்னு நெனச்சு, பக்கத்துலயே இருக்க ஊரோட வருஷத்தையே கணக்குல விட்டுட்டேன். கணக்குல முதல் வகுப்பு வேற. பக்கத்துல இருந்த அண்ணாச்சி வெத்தலையைத் துப்பிட்டு வந்தாரு. "நீ படிக்கது சூரியக் கணக்கு, லாத்தா பாக்குதது பெறைக் கணக்கு. வெறகுக்கு ரெண்டும் தெரியாது, நீ அட்டையைத் திருத்து."

தண்ணி வந்த வாரம்

இப்பம் உங்க வெசயத்துக்கு வாரேன் சார்.

போன கார்த்திகை. நாலு நாளா விடாத மழை. ஆத்துல தண்ணி ஏறி ரோட்டுக்கு வந்துட்டு. தாழ்ந்த வீடெல்லாம் முங்கிப்போயி, சனங்களைப் பள்ளிக்கூடத்துல கொண்டு வச்சிருக்காவ. நம்ம செட்டுலயும் முட்டளவு தண்ணி. கீழ் அடுக்கு நனைஞ்சுபோச்சு. மேல் அடுக்கு காஞ்சபடியே இருந்துச்சு. ஆத்துக்கு இந்தப் பக்கம் காஞ்ச வெறகு இருந்த ஒரே எடம் அதுதான். காலையில இருந்து கடை வாசல்ல ஆளு. ஜங்ஷன்ல ஓட்டல் வச்சிருக்க ஒருத்தரு மூணு பங்கு வெல தாறேன்னு நோட்டை எடுத்து நீட்டுனாரு. அண்ணாச்சி அதைத் திரும்பிக்கூடப் பாக்கல. அட்டைக்காரங்க சரக்குன்னு மட்டும் சொல்லிக் கதவைச் சாத்துனாரு. வித்தோம்னு எழுதுனீங்கள்லா, நாங்க விக்காம நின்ன கதை இது.

பத்து மணி இருக்கும். நீங்க வந்தீங்க. வேட்டியை மடிச்சுக் கட்டி, தலையில பிளாஸ்டிக் உரப்பையைக் கவுத்துக்கிட்டு, பின்னால எட்டு ஆளு, ரெண்டு மாட்டு வண்டி. ஒருத்தரு அரிசி மூடை குடுத்திருக்காரு, கல்யாண மண்டபத்துல இருந்து அண்டா வந்திருக்கு, காய்கறி இருக்கு, வெறகுதான் இல்ல. ஈர வெறகை வச்சு விடியலுல இருந்து ஊதுதாங்களாம், பொகையா வருதே தவிர தீ வரலியாம். பச்சப் புள்ளைகள் பசியில அழுவுதுன்னு சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டீங்க. அதை நான் மறைக்க மாட்டேன், அது நடிப்பு இல்ல.

அண்ணாச்சி என்னையப் பாத்தாரு. அட்டைக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமேன்னாரு. யாருகிட்டப் போயிக் கேக்க? பாதிப் பேரு அந்தப் பள்ளிக்கூடத்துலதான் ஒதுங்கியிருக்காவ, மீதிப் பேரு தண்ணிக்கு அந்தப் பக்கம். எடுத்துக்கிட்டுப் போங்கன்னு அண்ணாச்சி சொல்லும்போது அவரு கொரலு அவருக்கே கேக்கல. நானும் சேந்து தூக்குனேன். என் முழங்கையில இன்னும் அந்தச் சிராய்த் தழும்பு இருக்கு. அஞ்சு நாளு, ரெண்டு வண்டி, மேல் அடுக்கு பூரா போச்சு. மொத நாளு வண்டி கூடவே நானும் போனேன். அண்டாவுக்கு அடியில சடசடன்னு தீ பிடிச்சப்ப பள்ளிக்கூட வராந்தா பூரா எழுந்து நின்னுச்சு. சோறு கொதிக்க வாசம் மழைக்குள்ள வந்துச்சு பாருங்க, என் ஆயுசுக்கும் அதை மறக்க மாட்டேன். அந்த வாசத்துக்காகவே அண்ணாச்சி கடையில இன்னும் நூறு வருஷம் கணக்கு எழுதலாம்.

மொத வண்டி கெளம்புததுக்கு முன்னால நான் உங்ககிட்ட கணக்கு நோட்டை நீட்டி, ஒரு கையெழுத்துப் போடுங்க சார்னேன். ஞாபகம் இருக்கா? மழையில எழுத்து கலைஞ்சுரும்னு நோட்டை என் பக்கமே தள்ளிட்டு நீங்க சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கு. "கணக்கெல்லாம் பொறவு பாத்துக்கலாம்மா, இப்பம் தீ எரியட்டும். பதினஞ்சு நாளுக்குள்ள சங்கம் திருப்பிக் குடுத்துரும்."

கேக்காமக் குடுத்தது

தண்ணி வடிஞ்சுது. அட்டைக்காரங்க வந்தாவ. செட்டுல கீழ் அடுக்கு மட்டும் பாசி பிடிச்சுக் கெடக்கு. ஆளுக்கு ஒரு கட்டு ஈர வெறகு குடுத்துட்டு, மிச்சத்தைப் பொறவு தாறேன்னாரு அண்ணாச்சி. அன்னைக்கு அவரு வாங்குன பேச்சை நான் இங்கன எழுத முடியாது. கள்ளன்னாவ, மழை வெலைக்கு வித்துத் தின்னுட்டான்னாவ. அவரு கல்லாவுல குனிஞ்சே இருந்தாரு. மார்கழி மலர்ல நீங்க கரண்டியோட நிக்க படம் வந்துச்சு, பொன்னாடை போத்துன படமும் வந்துச்சு. அரிசி குடுத்தவரு பேரு இருந்துச்சு, அண்டா குடுத்தவரு பேரு இருந்துச்சு. வெறகு எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு வரி இல்ல. பச்சை அரிசியையா தின்னாங்க பள்ளிக்கூடத்துல?

நடந்ததைச் சொல்லுங்க அண்ணாச்சின்னு நான் ஒரு வாரம் கத்துனேன். அவரு பெரிய மனசுக்காரரு, தியாகி, அதனால சொல்லலன்னு யாரும் கதை கட்ட வேண்டாம். அவருக்கு வெக்கம். அவரு சரக்கா இருந்தா ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பாரு. அடுத்தவிய துட்டு கட்டி வச்ச வெறகை அவியளைக் கேக்காம எடுத்துக் குடுத்துட்டோமேன்னு கூனிக் குறுகிப் போயிட்டாரு. சங்கம் ஒரு சுள்ளி கூடத் திருப்பித் தரல. பங்குனிக்குள்ள அவரே கையைக் கடிச்சுக்கிட்டு ஒவ்வொரு கட்டா வாங்கி, இருவத்திரெண்டு வீட்டுக்கும் பாக்கியைத் தீத்துட்டாரு. அட்டையெல்லாம் கடையில இருக்கு, யாரு வேணும்னாலும் போயிப் பாக்கலாம். ஆனா மழைக்கு வச்ச வெறகு வெயிலுல வந்து என்ன பிரயோசனம்னு நீங்க கேட்டா, அந்தக் கேள்வி நியாயம்.

பாத்துமுத்து லாத்தாகிட்ட மட்டும் என் வாயி நிக்கல, சொல்லிட்டேன். தண்ணி வந்த அன்னைக்கு லாத்தாவும் ரெண்டு புள்ளைகளோட அந்தப் பள்ளிக்கூடத்துலதான் இருந்தாவ, அந்தச் சோத்தைத்தான் தின்னாவ. சந்தோசப்படுவாவன்னு நெனச்சேன். லாத்தா பீடித் தட்டை மடியில இருந்து எறக்கி வச்சாவ. "எங்கிட்டக் கேட்டிருந்தா நானே தோள்ல தூக்கிட்டு வந்து தந்திருப்பேனே. கேக்காமக் குடுத்தீங்க பாரு, அதுக்குத்தான் எனக்குக் கோவம்."

இந்த ஒரு குத்தத்தை நான் ஒத்துக்கிடுதேன் சார். கேக்காமக் குடுத்தோம், அது தப்பு. அண்ணாச்சி வாயைத் தெறக்க மாட்டாரு, அதனால அவருக்கும் சேத்து நானே எழுதிட்டேன். பத்து மாசம் பொறுத்துக்கிட்டும் இருந்தேன். ஆனா உங்க நாலாம் பக்கம் வந்த ஆவணியில, இருவத்திரெண்டு அட்டையில பதிமூணு பேரு அட்டையை அண்ணாச்சி மேசையில வீசிட்டுப் போயிட்டாவ. கட்டுன வரைக்கும் உள்ள வெறகையும் எடுத்துட்டுப் போயிட்டாவ. இப்பம் புரட்டாசி. இன்னும் கொஞ்ச நாள்ல மழை எறங்கிரும். அந்தப் பதிமூணு வீடும் மறுபடியும் ஈர வெறகை மழை வெலைக்கு வாங்கி, கண்ணு செவக்க ஊதப்போவுது. லாத்தாவும் அதுல ஒருத்தரு, கேக்காமக் குடுத்த கோவம் அவியளுக்கு இன்னும் தீரல. போன வாரம் லீவுல கடைக்குப் போனேன். நாங்குநேரியில இருந்து வந்த நல்ல உடை செட்டு நெறைய அடுக்கிக் கெடக்கு, எடுக்க ஆளு இல்ல. அண்ணாச்சி என்னையப் பாத்து எப்பட்டீ வந்தன்னு கூடக் கேக்கல.

இந்தப் பதிலை நான் சங்க மலருக்கே அனுப்புதேன். போடலேன்னா வாசகசாலைப் பலகையில நானே வந்து ஒட்டுவேன், ஒட்டிட்டுப் பக்கத்துலயே நிப்பேன். நீங்க என்னையத் திட்டி எழுதுங்க, வாயாடின்னு எழுதுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. கேக்காமக் குடுத்தது யாருன்னு நான் சொல்லிட்டேன். கேட்டு வாங்கிட்டுப் போனது யாருன்னு சொல்ல வேண்டியது நீங்க. ரெண்டரை வருஷ வெறகுக்கடை உத்தியோகத்துல அட்டைக்காரங்க ஒருத்தரு பாக்கி இல்லாம என்னைய நிக்க வச்சுக் கேள்வி கேட்டாவ, நானும் அரைக் கட்டு வரைக்கும் ஆளாளுக்குப் பதில் சொல்லி முடிச்சுட்டேன். இன்னைக்கு நான் ஒரே ஒரு கேள்வி கேக்குதேன் செயலாளர் சார், அந்த அஞ்சு நாளும் உங்க அண்டாவுக்கு அடியில எரிஞ்சது யாரு வெறகுன்னு, ஐப்பசி பொறக்குததுக்கு முன்னால, ஊரு பூரா கேக்க, உங்க வாயாலயே சொல்லுங்க.